வெம்மை தாங்கும் சுவர்

உலையில் இட்ட பொருள் உருகலாம். உலை உருகுதல் ஆகாது. பொற்கொல்லன் பொன்னை மூசையில் இட்டு உருக்குகின்றான். பொன் நீர்போல் இளகி ஓடும் வெம்மையிலும் அம்மூசை நிலைகுலையாது நிற்கின்றது. இரும்பை உருக்கும் பேருலைகளின் உட்புறத்தில் தீச்செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவர். ஏந்தப்படும் பொருளினும் ஏந்தும் கலம் வெம்மையை மிகுதியும் தாங்கவேண்டும் என்பது தொழிலறிந்தார் யாவரும் உணர்ந்த உண்மையாகும். ஆயின், எக்கலத்தாலும் ஏந்தலாகாத ஒரு வெம்மையை மாந்தர் உண்டாக்கி, அதற்கும் ஒரு கலம் செய்யப் புகுந்திருக்கின்றனர். அக்கலத்தின் உட்சுவரை எப்பொருளால் அமைப்பது? அமைத்த சுவர் தாங்குமா என்பதை எவ்வாறு முன்னரே அறிவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண அறிஞர் பலர் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வருகின்றனர்.

கதிரவனின் நடுவிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பநிலை நிலவுகின்றது. ஆங்கு ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் மோதி இணைந்து ஹீலியக் கருக்களாகின்றன. அவ்வாறு இணையுங்கால் நிறையில் ஒரு சிறு பகுதி குறைந்து ஆற்றலாக வெளிப்படுகின்றது. நமக்கு ஒளியும் வெயிலும் கிடைப்பது அதனாலேயே. இந்நிகழ்ச்சியை அணுக்கரு இணைவு என்பர். இதனை நிலவுலகில் நிகழ்த்தி மின்னாற்றல் பெறலாம் என்பதே இணைவு உலையின் நோக்கம். ஹைட்ரஜனின் கனத்த வகைகளாகிய டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இரண்டும் இதற்கு ஏற்ற எரிபொருள்கள். டியூட்டீரியத்தைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கலாம். டிரிட்டியத்தை லித்தியம் என்னும் உலோகத்திலிருந்து உண்டாக்கலாம்.

கதிரவனைச் சிதறாமல் கட்டி வைத்திருப்பது அதன் சொந்தப் பாரமே. அத்தகைய பாரம் இங்கே இல்லை. ஆதலின், இங்குள்ள உலையில் கதிரவனின் நடுவிடத்தினும் பத்து மடங்கு மிகுந்த வெப்பநிலை, அஃதாவது ஏறத்தாழ 15 கோடி டிகிரி, வேண்டியதாகின்றது. அந்நிலையில் எப்பொருளும் திண்மமாகவோ நீர்மமாகவோ இருத்தல் இயலாது. அணுக்களினின்றும் எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கூட்டமாகிவிடும். இக்கூட்டத்திற்குப் பிளாஸ்மா என்பது பெயர். மின்னேற்றம் உள்ள துகள்களைக் காந்தப்புலம் வளைத்துத் தடுக்கும். இவ்வியல்பைக் கொண்டு, நடுவே துளையுள்ள வடையைப் போன்ற வெற்றிடக் கலம் ஒன்றனுள் பிளாஸ்மாவைச் சுவரில் மோதவிடாது சுழற்றும் பொறியைச் சோவியத்து நாட்டு அறிஞர் 1950-ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். டோகமாக் என்னும் அதன் பெயரும் உருசிய மொழியினின்று வந்ததேயாகும்.

பிளாஸ்மா சுவரைத் தொடாதெனின், சுவரைப்பற்றிக் கவலை கொள்வானேன் என்று வினவலாம். வினா நியாயமானதே. இங்கே வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மத்தாப்பினின்று தெறிக்கும் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலை உடையது. ஆயினும் கையில் விழுந்தால் சுருக்கென்று தைத்துவிட்டுத் தணிந்துவிடும். ஒரு குடம் கொதிநீரோ நூறு டிகிரியே உடையது. அது மேலே கொட்டினால் ஆளைக் கொல்லும். பிரான்சு நாட்டின் தென்பகுதியில், கதராஷ் என்னும் இடத்தில் இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, சப்பான், தென்கொரியா, உருசியா, அமெரிக்கா ஆகியவை கூடிக் கட்டிவரும் ஈட்டர் என்னும் பேருலையை எடுத்துக்கொள்வோம். அதன் வெற்றிடக் கலத்தில் எண்ணூறு கன மீட்டருக்கு மேற்பட்ட அளவில் பிளாஸ்மா பரந்திருக்கும். அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கும் எரிபொருளின் எடையோ ஏறத்தாழ ஒரு கிராமே. 15 கோடி டிகிரி என்னும் எண் நம்மை மருட்டுகின்றது. சுவரை வருத்துவது அவ்வெண் அன்று, இடைவிடாது வந்து பாயும் வெப்பத்தின் ஓட்டமே.

அவ்வோட்டம் பல வழிகளில் வருகின்றது. டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையுங்கால் ஒரு ஹீலியக் கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரானே சுமந்து செல்கின்றது. நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. ஆதலின் காந்தப்புலம் அதனைத் தடுப்பதில்லை. அது நேரே சென்று சுவருக்குள் ஆழப் புகுகின்றது. எஞ்சிய ஒரு பங்கு ஹீலியத்தோடு பிளாஸ்மாவினுள் தங்கி அதனைச் சூடேற்றுகின்றது. பின்னர் அதுவும் கதிராகவும் துகளாகவும் வெளியேறியே தீரவேண்டும். மேலும், அடுப்பில் சாம்பல் நிறைந்தால் தீ மங்குதல் போல, ஹீலியம் உள்ளே நிறைந்தால் இணைவு மங்கும். எனவே பிளாஸ்மாவின் வெளிவிளிம்பைக் காந்தப்புலத்தால் கீழ்நோக்கித் திருப்பி, கலத்தின் அடியில் அமைந்த ஒரு பகுதியில் விழச்செய்து, கழிவை உறிஞ்சி எடுக்கின்றனர். அப்பகுதிக்கு டைவர்ட்டர் என்பது பெயர். திருப்பிவிடுவது என்பது அச்சொல்லின் பொருள். உலையின் புகைபோக்கியும் சாம்பல் தட்டும் அதுவே எனலாம்.

இந்த டைவர்ட்டரே மிகக் கொடிய வெம்மையைப் பெறும் இடம். காந்தக் கோடுகளின் வழியே இறங்கும் பிளாஸ்மா அகன்று பரவாமல், சில மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய கீற்றாகவே வந்து தாக்குகின்றது. ஈட்டரின் டைவர்ட்டர் சதுர மீட்டர் ஒன்றுக்கு 10 மெகாவாட்டு வெப்பத்தை நெடுநேரம் தாங்கவேண்டும். இடையிடையே சில நொடிகள் 20 மெகாவாட்டையும் தாங்கவேண்டும். இதன் அளவை எவ்வாறு உணர்வது? சித்திரை மாதத்து நண்பகலில் வெட்டவெளியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு கிலோவாட்டு. 10 மெகாவாட்டு என்பது அதனினும் பதினாயிரம் மடங்கு. பதினாயிரம் நண்பகல்களை ஒன்றாகக் குவித்து ஒரே இடத்திற் பாய்ச்சினாற்போன்றது அது. கதிரவனின் மேற்பரப்பே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 63 மெகாவாட்டுத்தான் வெளிவிடுகின்றது.

எப்பொருளை இங்கே வைப்பது? உலோகங்களுள் மிக உயர்ந்த வெப்பநிலையில் உருகுவது டங்ஸ்டன். அது 3,422 டிகிரியில் உருகும். மின்விளக்குகளின் உள்ளே சுடர்ந்த மெல்லிய இழை இவ்வுலோகத்தாலாகியதே. டங்ஸ்டன் என்னும் சொல்லுக்குச் சுவீடிய மொழியில் கனத்த கல் என்பது பொருள். பொருத்தமான பெயர்தான், நீரினும் பத்தொன்பது மடங்கு கனமுடையது அது. வேதியியலார் அதற்கு இட்ட குறியோ டபிள்யூ என்னும் எழுத்து. அது வுல்ஃப்ராம் என்னும் செருமானியப் பெயரின் முதலெழுத்து. அப்பெயருள் ஓநாய் மறைந்திருக்கின்றது. வெள்ளீயத்தை உருக்குங்கால் இதன் தாது உடன் கலந்திருந்தால் ஈயம் குறைந்துபோகும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல் இது ஈயத்தைத் தின்றுவிடுகின்றது என்று பழைய சுரங்கத் தொழிலாளர் சொல்லியதால் அப்பெயர் வந்ததென்பர். சொற்களின் வரலாறு உலைக்களம் வரையில் நம்மை இட்டுச் செல்வது வியப்பன்று.

உருகுநிலை உயர்ந்தது எனின் டங்ஸ்டனையே கொள்ளலாமே என்று தோன்றும். தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்துப் பெரிய டோகமாக்கில் 1970-ஆம் ஆண்டுகளில் பிளாஸ்மாவின் விளிம்பைத் தடுக்கும் துண்டங்களை டங்ஸ்டனால் அமைத்திருந்தனர். விளைவு நன்றாக இல்லை. துகள்கள் தாக்கத் தாக்க, டங்ஸ்டன் அணுக்கள் சிறிது சிறிதாகச் சுவரினின்று பெயர்ந்து பிளாஸ்மாவின் நடுவே சென்று சேர்ந்தன. டங்ஸ்டன் அணுவில் 74 எலெக்ட்ரான்கள் உள்ளன. அவ்வளவு வெம்மையிலும் அவை அனைத்தும் கழன்றுவிடுவதில்லை. எஞ்சி நிற்பவை ஓயாது கதிர் வீசிப் பிளாஸ்மாவின் ஆற்றலைக் கரைத்துவிடுகின்றன. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி புளிப்புப்போல், இலட்சத்தில் சில என்னும் அளவில் டங்ஸ்டன் கலந்தாலே பிளாஸ்மா குளிரத் தொடங்கும். பிரின்ஸ்டன் அறிஞர் டங்ஸ்டனை நீக்கிக் கரியை வைத்தனர். 1978-ஆம் ஆண்டில் அப்பொறி ஆறு கோடி டிகிரி வெப்பநிலையை எட்டியது.

கரியின் சிறப்பு யாது? கரி உருகுவதில்லை, மிக உயர்ந்த வெப்பநிலையில் நேரே ஆவியாகும். அதன் அணு இலேசானது. ஆறு எலெக்ட்ரான்களே உடையது. அவை முற்றும் கழன்றுவிடுவதால், சிறிது கரி கலந்தாலும் பிளாஸ்மா பெரிதும் குளிர்வதில்லை. ஆகவே இங்கிலாந்தில் கல்ஹம் என்னும் ஊரில் 1983-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஜெட் என்னும் பெரிய டோகமாக்கின் உட்புறம் கரிப்பலகைகளைப் பதித்தனர். 1997-ஆம் ஆண்டு அப்பொறி 16 மெகாவாட்டு இணைவாற்றலை வெளியிட்டு உலகோரை வியப்பில் ஆழ்த்தியது.

அவ்வெற்றியின் நடுவே ஒரு குறையும் வெளிப்பட்டது. உலைக்குள் செலுத்திய டிரிட்டியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்ப வரவில்லை. அது எங்கே போயிற்று? கரி ஹைட்ரஜனோடு கூடும் இயல்புடையது. விறகும் எண்ணெயும் அக்கூட்டுறவால் ஆனவையே. பிளாஸ்மாவிலுள்ள ஹைட்ரஜன் கரிச்சுவரை அரித்து, அக்கரியோடு சேர்ந்து ஆவியாகி, உலையின் குளிர்ந்த மூலைமுடுக்குகளிற் சென்று படிந்தது. அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப்பிசுக்குப் படிவதை நினைத்துக்கொள்க. அப்பிசுக்கினுள் டிரிட்டியம் சிறைப்பட்டுக் கிடந்தது. டிரிட்டியமோ அரியது, கதிரியக்கம் உடையது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் பாதியாகத் தேய்வது. நாள்தோறும் எரியும் பேருலையில் அது இவ்வாறு தேங்கினால் உலை நடத்துவோர்க்கு எரிபொருள் நட்டமும் ஆபத்தும் ஒருங்கே நேரும். வெம்மையை வென்ற கரி இதனால் தள்ளப்பட்டது.

தள்ளிவைத்த டங்ஸ்டன் மீண்டும் வந்தது. செருமனியில் கார்ஷிங் என்னும் ஊரிலுள்ள ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் கரிப்பலகைகளைச் சிறிது சிறிதாக நீக்கி, 2007-ஆம் ஆண்டிற்குள் சுவர் முழுவதையும் டங்ஸ்டனாக்கினர். சுவரருகே பிளாஸ்மாவைக் குளிர்வித்தும், நடுவிடத்தைத் தனியே சூடேற்றியும், டங்ஸ்டன் உள்ளே சேர்வதைக் குறைக்க வழி கண்டனர். பின்னர் ஜெட் பொறியையும் நிறுத்தி, 2011-ஆம் ஆண்டுக்குள் அதன் சுவரைப் பெரிலியத்தாலும் டைவர்ட்டரை டங்ஸ்டனாலும் புதிதாக அமைத்தனர். உட்புறம் கதிரியக்கம் உடையதாகிவிட்டமையின், தொலைவிலிருந்து இயக்கப்படும் நெடிய இயந்திரக் கைகளே பெரும்பாலான வேலையைச் செய்தன. மாற்றிய பின்னர், சுவரில் எரிபொருள் தேங்குவது பத்தில் ஒரு பங்கினும் குறைந்தது. பிளாஸ்மாவின் திறமும் தொடக்கத்தில் குறைந்தது என்பதை மறைத்தற்கில்லை. அக்குறையைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆயின. 2021-ஆம் ஆண்டில் அதே உலோகச் சுவர்களுக்குள் ஐந்து நொடிகளில் 59 மெகாஜூல் ஆற்றலும், 2023-ஆம் ஆண்டில் 69 மெகாஜூல் ஆற்றலும் பிறந்தன.

ஆயினும் ஒரு பொறியின் சுவரை முழுவதும் அமைத்துவிட்டுப் பின்னர்க் குறை காண்பது பெருஞ்செலவு. ஆதலின் சுவரில் பதிக்கவேண்டிய துண்டங்களைத் தனியே எடுத்து, உலைக்கு வெளியே உலைக்கொப்பான வெம்மைக்கு ஆளாக்கிச் சோதிக்கின்றனர். பொன்னுக்கு உரைகல் போன்றவை இச்சோதனைக் கூடங்கள்.

சோதிக்கப்படும் துண்டத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். டங்ஸ்டன் எத்துணை வலியதாயினும், பாயும் வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் அது உருகியே தீரும். ஆகவே விரலளவு அகலமுள்ள டங்ஸ்டன் கட்டிகளை நடுவில் துளையிட்டு, மணிகளை நூலிற் கோப்பதுபோல, செம்புக் கலப்புலோகக் குழாய் ஒன்றில் வரிசையாகக் கோக்கின்றனர். குழாயினுள் மிகுந்த அழுத்தத்தோடு நீர் விரைந்து ஓடும். உள்ளே முறுக்கிய தகடு ஒன்று வைத்திருப்பதால் நீர் சுழன்று சுழன்று செல்லும். அச்சுழற்சி வீணன்று. காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தால், துளிகள் உடனே ஆவியாகாமல் குண்டுமணிபோல் உருண்டு ஓடுவதைக் காண்கின்றோம். துளிக்கும் கல்லுக்கும் இடையே நீராவி ஒரு மெல்லிய திரையாகி வெப்பத்தைத் தடுப்பதே அதற்குக் காரணம். குழாயின் உட்புறம் அத்திரை படர்ந்துவிட்டால், நீர் ஓடியும் குளிர்ச்சி இராது. கணப்பொழுதில் செம்பு வெந்து துளைபட்டுவிடும். நீர் சுழன்று ஓடினால் ஆவிக் குமிழ்கள் சுவரில் தங்காமல் அடித்துச் செல்லப்படும்.

டங்ஸ்டனையும் செம்பையும் ஒட்டுவது மற்றொரு தொல்லை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இடுவோர் பட்டையைக் காய்ச்சி விரியச்செய்து மாட்டுவர். அது ஆறிச் சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். அங்கே நன்மை செய்யும் அவ்விரிவே இங்கே தீமை செய்கின்றது. ஒரே அளவு சூடேறினால் செம்பு, டங்ஸ்டனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். விரிவதும் சுருங்குவதும் ஆயிரக்கணக்கான முறை நேர்ந்தால் ஒட்டு விட்டுப்போகும். ஆதலின் இரண்டிற்கும் நடுவே மெதுவான தூய செம்பு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வைக்கின்றனர். பிணங்கிய இருவர்க்கிடையே வளைந்து கொடுப்பவர் ஒருவர் இருத்தல் போன்றது அது.

இங்ஙனம் செய்த துண்டங்களை உருசியாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரத்திலுள்ள எஃப்ரெமோவ் நிலையத்துக்கு அனுப்புகின்றனர். ஈட்டரின் டைவர்ட்டருக்கெனவே அங்கே ஒரு சோதனைக் கூடம் அமைந்திருக்கின்றது. வெற்றிட அறையினுள் எலெக்ட்ரான் துப்பாக்கி ஒன்று துண்டத்தின்மேல் கற்றையைப் பாய்ச்சும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாயிலும் இத்தகைய கற்றையே திரையை வருடி ஒளிரச்செய்தது. இங்குள்ளதன் ஆற்றல் 800 கிலோவாட்டு வரை செல்லும். பத்து நொடி கற்றை பாயும். பத்து நொடி ஓயும். இவ்வாறு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட்டு வீதம் 5,000 முறையும், 20 மெகாவாட்டு வீதம் 300 முறையும் தாக்குண்டு நிலைத்த துண்டமே தேர்ச்சி பெற்றதாகும். 10 மெகாவாட்டில் டங்ஸ்டனின் முகம் ஏறத்தாழ ஆயிரம் டிகிரியையும், 20 மெகாவாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் டிகிரியையும் எட்டும். அதே வேளையில் சில மில்லிமீட்டருக்கு அப்பால் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கும். அகச்சிவப்புக் கதிர்களைக் காணும் கருவிகள் முகத்தின் வெம்மையை அளந்தவண்ணம் இருக்கும். ஏதேனும் ஓரிடம் பிற இடங்களினும் மிகுதியாகச் சிவந்து தோன்றினால், அதன் அடியில் ஒட்டு விட்டுவிட்டது என்று அறிந்துகொள்வர்.

இச்சோதனைகளில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 20 மெகாவாட்டுத் தாக்குதலைப் பலமுறை பெற்ற கட்டிகள் சிலவற்றில், மேலிருந்து குழாயை நோக்கி ஆழ்ந்த விரிசல் விழுந்தது. டங்ஸ்டனைத் தகடாக உருட்டுங்கால் அதன் உள்மணிகள், நெல்லை இடித்து அவலாக்கினாற்போல், நீண்டு தட்டையாகி ஒன்றையொன்று பற்றி நிற்கும். அவ்வுறுதி ஏறத்தாழ 1,300 டிகிரிக்கு மேல் நெடிது நின்றால் குலைகின்றது. மணிகள் பருத்து உருண்டு, உலோகம் மெலிந்துபோகின்றது. விரிசல் கண்ட கட்டி கழிக்கத்தக்கது என்றே எவரும் கருதுவர். ஆனால், விரிசல் வெப்பம் செல்லும் திசைக்கு இணையாகவே விழுந்தமையால், வெப்பம் அதன் இருபுறமும் தடையின்றி நீரை அடைந்துகொண்டிருந்தது. வாழைத்தண்டை நெடுக்கே கீறினாலும் அதன் நார்வழியே நீர் ஏறுவது நிற்பதில்லை; குறுக்கே வெட்டினால்தான் நிற்கும். பிளந்த கட்டியும் பணி செய்தது. ஒரு குறை எவ்விடத்தில், எத்திசையில் உள்ளது என்று ஆராயாமல் குறை என்னும் பெயர் கேட்டே ஒன்றைத் தள்ளிவிடுதல் எத்துணைத் தவறு என்பதை இங்கே காணலாம்.

எலெக்ட்ரான் கற்றை வெம்மையைத் தரும். பிளாஸ்மாவின் வேறு தாக்குதல்களைத் தாராது. அதனால் வேறு கூடங்களும் வேண்டியவாயின. கார்ஷிங்கிலுள்ள கிளாடிஸ் என்னும் பொறி ஹைட்ரஜன் துகள்களின் கற்றையைச் செலுத்தி, சதுர மீட்டருக்கு 50 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்கவல்லது. செருமனியின் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் யூடித் என்னும் பெயருடைய இரண்டு பொறிகள் அமைக்கப்பெற்றன. முதலாவது தடித்த காப்புச் சுவர்களுக்கிடையே அமைந்தமையால், கதிரியக்கம் ஏறிய துண்டங்களையும், நச்சுத்தூள் தரும் பெரிலியத்தையும் அச்சமின்றிச் சோதிக்க இடம் தந்தது. இரண்டாவதில் நொடிக்குள் முடிந்துவிடும் சிறு சிறு வெப்ப அடிகளைப் பத்து இலட்சம் முறை வரை கொடுத்துப் பார்த்தனர். பிளாஸ்மாவின் விளிம்பு அவ்வப்போது வெடித்துச் சுவரில் அறைவதுண்டு. அதன் போலியே இது. ஒருமுறை அடித்தால் வடுவே தோன்றாத மென்மையான அடியும், இலட்சம் முறை அடித்தால் டங்ஸ்டனின் முகத்தைச் சொரசொரப்பாக்கி வெடிக்கச்செய்தது.

இன்னும் வியப்பானது ஹீலியத்தின் செயல். நெதர்லாந்து நாட்டில் மேக்னம் என்னும் பெயர் தாங்கிய நீண்ட பொறியிலும், பிற இடங்களிலும், ஈட்டரின் டைவர்ட்டரில் விழுவதற்கொப்பான அடர்ந்த பிளாஸ்மாவை டங்ஸ்டன்மேல் நேரே பாய்ச்சுகின்றனர். எம்மனிதனோடும் எப்பொருளோடும் கூடாத தனிப்போக்குடையது ஹீலியம் என்று வேதியியல் கற்றோர் கூறுவர். அத்தகைய ஹீலியம் ஆயிரம் டிகிரி அளவில் சூடேறிய டங்ஸ்டனுக்குள் புகுந்து, நுண்ணிய குமிழ்களாகத் திரண்டு, அதன் முகத்தை மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய இழைகளாக முளைக்கச்செய்கின்றது. பளபளத்த உலோகம் கரும்பட்டுப் போர்த்தாற்போல் கறுத்துவிடும். பழைய ரொட்டியில் பூஞ்சைக்காளான் பூப்பதுபோல உலோகத்தின்மேல் உலோகமே பூக்கும் இக்காட்சி, நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி நம்புதற்கரியது.

சுவர் உருகினால் என்ன ஆகும் என்பதையும் அறிந்துகொள்ளவேண்டுமன்றோ? 2013-ஆம் ஆண்டில் ஜெட் பொறியினுள் ஒரு டங்ஸ்டன் தகட்டின் விளிம்பைச் சிறிது எழும்பி நிற்குமாறு அமைத்து, பிளாஸ்மாவை அதன்மேல் விழச்செய்து, வேண்டுமென்றே உருக்கினர். உருகிய உலோகம் விளிம்பிலேயே நகர்ந்து திரண்டது, பிளாஸ்மாவை அணைக்கவில்லை. ஈட்டரின் டைவர்ட்டரை முதலிலிருந்தே முழுவதும் டங்ஸ்டனால் அமைப்பது என்று அதே ஆண்டில் முடிவாயிற்று. பத்தாண்டு கழித்து, உட்சுவருக்கு முன்பு எண்ணியிருந்த பெரிலியத்தையும் விட்டு, அங்கும் டங்ஸ்டனையே கொள்வதென ஈட்டர் நிறுவனத்தார் துணிந்தனர். ஜெட் பொறியோ 2023 டிசம்பர் 18-ஆம் நாள் 1,05,842-ஆவது முறை இயங்கித் தன் பணியை முடித்தது. அவ்விறுதி நாளிலும் விரைந்த எலெக்ட்ரான்களைத் தன் உட்சுவர்மேல் தானே ஏவி, சுவர் எவ்வாறு புண்படும் என்பதைக் காட்டிவிட்டே ஓய்ந்தது. பின்னர் அச்சுவர்ப் பலகைகளில் சிலவற்றை இயந்திரக் கைகளால் பெயர்த்து எடுத்து ஆராய்ந்தனர்.

நம் நாட்டிலும் இவ்வேலை நடைபெறுகின்றது. குசராத்தில் காந்திநகருக்கு அருகில் பாட் என்னும் சிற்றூரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், ஆதித்யா என்னும் டோகமாக்கை 1989-ஆம் ஆண்டில் இயக்கியது. அங்கே 200 கிலோவாட்டு எலெக்ட்ரான் கற்றையுடைய சோதனைக் கூடம் ஒன்றும் உண்டு. ஈட்டரை வெளியே சூழ்ந்து நிற்கும் மாபெரும் எஃகுக் கலமும், இந்தியாவின் பங்காக, குசராத்தின் ஹசீரா துறையில் உருப்பெற்றுக் கடல்வழியே பிரான்சு சென்றதாகும்.

கதராஷில் ஈட்டர் எழும் இடத்திற்கு அண்மையிலேயே வெஸ்ட் என்னும் டோகமாக் உள்ளது. நெடுநேரம் எரியும் பிளாஸ்மாவுக்கு முன் டங்ஸ்டன் எவ்வாறு நிற்கும் என்பதைக் காண்பதற்கென்றே பழைய பொறி ஒன்றைப் புதுக்கி அமைத்தது அது. அங்கே 2025 பிப்ரவரி 12-ஆம் நாள் பிளாஸ்மா 1,337 நொடிகள், அஃதாவது இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல், அணையாது நின்றது. அவ்வளவு நேரமும் டைவர்ட்டரின் டங்ஸ்டன் கட்டிகள் நீரோட்டத்தால் வெம்மையை அகற்றிக்கொண்டு தாங்கின.

வெம்மைச் சோதனையில் இத்துணை முன்னேறியும், நியூட்ரான் என்னும் பகைக்கு ஏற்ற சோதனைக் களம் மட்டும் இன்னும் அமைந்து முடியவில்லை. இணைவில் பிறக்கும் நியூட்ரான் சுவருக்குள் புகுந்து அணுக்களை இடம்பெயர்த்துத் தள்ளுகின்றது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் முரட்டுக் காளை புகுந்தாற்போல, ஓர் அணு தள்ளுண்டு மற்றொன்றை மோத, வரிசை குலைந்து வெற்றிடங்கள் தோன்றுகின்றன. உலோகம் வலுவிழந்து நொறுங்கும் தன்மையடைகின்றது. சில அணுக்கள் வேறு தனிமமாகவே மாறிவிடுகின்றன. ஈட்டர் நெடுங்காலம் முழு ஆற்றலோடு எரிவதன்று. ஆதலின் அதன் சுவருக்கு இத்தொல்லை அளவோடு நிற்கும். பின்னர் எழவிருக்கும் மின்னுலைகளின் சுவரோ ஆண்டுக்கணக்கில் இதனைத் தாங்கவேண்டும். இப்போதுள்ள யுரேனிய அணு உலைகளில் துண்டங்களை வைத்துச் சோதிக்கலாம், சோதிக்கவும் செய்கின்றனர். ஆயின் அங்குள்ள நியூட்ரான்களின் விசை, இணைவு நியூட்ரானின் விசைக்குப் பெரிதும் குறைந்தது.

இக்குறையைப் போக்கவே ஸ்பெயின் நாட்டில் கிரனாடா நகருக்கு அண்மையில் டோனஸ் என்னும் நிலையத்தை அமைத்து வருகின்றனர். அங்கே டியூட்டீரியக் கருக்களை மிகுந்த விரைவோடு செலுத்தி, அருவிபோல் ஓடும் உருகிய லித்தியத்தின்மேல் மோதச்செய்வர். திண்மமான இலக்கை வைத்தால் அது அக்கணமே உருகிவிடும் ஆதலின், ஓடும் நீர்மத்தை இலக்காகக் கொண்டனர். மோதலில் பிறக்கும் நியூட்ரான்கள் இணைவு நியூட்ரான்களை ஒத்திருக்கும். அருவிக்குப் பின்னால், அவை அடர்ந்து பாயும் இடம் மிகச் சிறியது. ஏறத்தாழ ஓர் உழக்கு அளவே. சுவருக்கு வேண்டிய எஃகு, செம்பு, டங்ஸ்டன் ஆகிய எல்லாவற்றின் மாதிரிகளும் அவ்வுழக்கினுள்ளேயே அடங்கவேண்டும். ஆதலால் எத்துணைச் சிறிய துண்டத்தைக் கொண்டு ஒரு பெருஞ்சுவரின் வலிமையைப் பிழையின்றி அளவிடலாம் என்பதையே இப்போது தனிக்கலையாக ஆராய்ந்து வருகின்றனர்.